ராஜலீலா டாக்கீஸும் ஐந்தேகால் பஸ்ஸும்

செண்பகனூர்,
7 ஜூன் 2025

மதுரை மாநகரின் வரலாற்றுப் பேராசிரியையும், என் ஒரே அக்காவின் ஒரே மகளும், தாய்மாமன் பேசிக்கொண்டிருக்கும்போதே போனைப் பட்டென்று வைப்பதில் உலக சாம்பியனுமான மருமகள் தாரணிக்கு,

முருகானந்தம் மாமா எழுதுவது. மூன்று நாளில் பதினேழு முறை அழைத்தேன். பதினேழு முறையும் துண்டித்தாய். அதனால் தபாலுக்கு வந்துவிட்டேன். கடிதத்தின் வாயை அடைக்க முடியாது பார். நீ மேஜையில் கவிழ்த்து வைத்தாலும் அது பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும்.

உன் கோபம் நியாயம். ஒரு பழைய படம் ராஜலீலாவில் நானூறு நாள் ஓடியது என்று நான் சொன்னேன். நீ நம்பி மனுவில் எழுதினாய். போன புதன்கிழமை நகராட்சிக் கூட்டத்தில் ரிசார்ட்காரர்களின் ஆள் தனசேகர் எழுந்து, அதே வருடம் பொங்கலுக்கு அதே தியேட்டரில் வேறு படம் ஓடிய நோட்டீசைத் தூக்கிக் காட்டினான். சபையே சிரித்தது. கூரைமேல் இருந்த குரங்குகூடச் சிரித்தது. நீ கொடைக்கானலில் ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டாய்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நானூறு நாள் சுவரில் இருந்தது போஸ்டர். கிழிக்கச் சோம்பல். படம் ஓடியது பதினோரு நாள்.

ஆனாலும் தாரணி, நாம் இன்னும் தோற்கவில்லை. பிப்ரவரியில் ராஜலீலாவை இடித்தார்கள். அந்த இடத்தில் பஸ் நிழற்குடை வருகிறது. அதைத் தங்கள் செலவில் கட்டிக்கொடுக்கும் ரிசார்ட், நிறுத்தத்துக்குத் தங்கள் பெயரைக் கேட்கிறது. 'ராஜலீலா டாக்கீஸ்' என்றே இருக்கட்டும் என்று நாம் கேட்கிறோம். ஜூலை 17 கூட்டத்தில் ஆதாரத்தோடு சொல்லுங்கள் என்று கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார்கள்.

முப்பத்தோரு வருடம் படம் ஓட்டும் கேபினுக்குள் ஆப்பரேட்டராக நின்றேன். என் முகத்தை ஒருத்தரும் பார்த்ததில்லை. இப்போது சுவர் இல்லை, திரை இல்லை, அந்த இரண்டு வார்த்தைதான் மிச்சம். அதுவும் போய்விட்டால், நீ எங்கே வேலை பார்த்தாய் என்று எவனாவது கேட்டால் எந்தத் திசையில் கை காட்டுவேன்?

மனுவை நீதான் எழுத வேண்டும். எனக்கு எழுத வராது. சும்மா இருக்கும் வார்த்தைக்குக்கூட என் கைபட்டால் இறக்கை முளைத்துவிடுகிறது.

உன் மாமன்,
முருகானந்தம்


மதுரை,
12 ஜூன் 2025

அன்புள்ள மாமா,

கடிதம் வந்தது. அம்மா அதை இரண்டு முறை வாசித்துச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

கூட்டத்தில் சிரித்தவர்கள் உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நீங்கள் கடைசி வரிசையில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டீர்கள். என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். மனுவின் கீழே இருந்தது என் கையெழுத்து, என் கல்லூரியின் பெயர். "வரலாறு படிச்சவங்களாமே" என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. பஸ்ஸில் வத்தலக்குண்டு வரைக்கும் அதே வாக்கியம்தான் காதில் ஓடியது.

இருந்தாலும் எழுதுகிறேன். உங்களுக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். எனக்கும் ரோஷம் இருக்கிறது.

இந்த முறை என் நிபந்தனைப்படிதான். நடந்ததை மட்டும் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதை வேறு ஒருவரும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் எழுதமாட்டேன். கொடைக்கானலில் எத்தனையோ கட்டிடங்கள் இடிந்துபோயின. அவற்றின் பெயரையெல்லாம் யாரும் காப்பாற்றவில்லை. ராஜலீலாவின் பெயரை மட்டும் ஏன் காப்பாற்ற வேண்டும்? அந்தத் தியேட்டர் இந்த மலைக்கு என்ன செய்தது? அதற்கு ஒரே ஒரு பதில் போதும். ஆனால் அது உண்மையாக இருக்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்வெட்டர் போடாமல் கடைக்குப் போகாதீர்கள்.

தாரணி


செண்பகனூர்,
17 ஜூன் 2025

சத்தியத்தின் சர்வாதிகாரியான மருமகளுக்கு,

பொய் கலக்காத கடிதம் என் வாழ்க்கையில் இதுதான் முதல். தப்பினால் அங்கேயே அடித்துத் திருத்திவிடுகிறேன்.

ராஜலீலாவை 1964-இல் உருளைக்கிழங்கு வியாபாரி வேலுமணி கட்டினார். நாலாயிரம் பேர் உட்காரலாம். அடித்துவிட்டேன். நானூற்று இருபது நாற்காலி. அதில் முப்பது ஆடும்.

தகரக் கூரை. பெருமழை அடித்தால் திரையில் வாய் அசையும், சத்தம் கேட்காது. நான் படத்தை நிறுத்துவேன். ஜனங்கள் கம்பளியைச் சுற்றிக்கொண்டு சுக்குக்காபி குடிப்பார்கள். மழை குறைந்ததும், "ஏலே முருகா, வெரசா போடுறா, கதாநாயகி அழுதுக்கிட்டே நிக்கிறா பாரு" என்று கீழேயிருந்து குரல் வரும். போடுவேன். இதற்கு ஊரே சாட்சி.

மூடுபனி காலத்தில் ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்து சோபா வரிசையில் உட்கார்ந்து படம் பார்க்கும். சரி, உட்காராது. ஆனால் உள்ளே வரும். கேபினிலிருந்து போகும் வெளிச்சம் அந்தப் பனியில் வெள்ளைத் தூண் மாதிரி நிற்கும். சிகரெட் பிடிப்பவர்கள் அதற்குள் புகை விடுவார்கள். இது சத்தியம், வேண்டுமானால் இரண்டு முறை எழுதுகிறேன்.

ஞாயிறு சந்தை. மேல் ஊர்க்காரர்கள் பூண்டு மூட்டையோடு வந்து, விற்றது போக மிச்சத்தை எங்கள் வராந்தாவில் போட்டுவிட்டு மேட்னி பார்ப்பார்கள். அந்த வாசனையில் திரையில் இருக்கும் வில்லனுக்கே கண்ணீர் வந்தது. அடித்துவிட்டேன். எனக்கு வந்தது.

1978-இல் சேர்ந்தேன். 2009-இல் மூடினார்கள். இந்த பிப்ரவரியில் ஜேசிபி வந்தது. இரண்டு நாளில் எல்லாம் விழுந்தது, என் கேபின் மட்டும் விழாமல் அதற்கே தனியாக ஒருநாள் ஆனது. இதில் நான் ஒரு கல்லைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. எதிரில் டீக்கடை வைத்திருக்கும் ஞானவேலைக் கேள்.

இவ்வளவு போதும்தானே? சாட்சிக்கு கொடைக்கானலிலும் செண்பகனூரிலும் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். (முப்பது பேர்.) மேல் ஊர்களுக்கெல்லாம் நீ அலைய வேண்டாம். குறிப்பாகப் பள்ளங்கி வேண்டவே வேண்டாம். ரோடு சரியில்லை. அட்டை கடிக்கும். அங்கே எல்லாருக்கும் ஞாபக மறதி.

உன் மாமன்


பள்ளங்கி,
29 ஜூன் 2025, ஞாயிறு

அன்புள்ள மாமா,

ரோடு நன்றாக இருக்கிறது. அட்டை ஒன்றுகூட இல்லை. போகாதே என்று நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் எனக்கு இங்கே வரவே தோன்றியிருக்காது.

பெருமாயி அம்மாவின் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுபது வயது. காலையிலிருந்து பூண்டுக்கு வால் நறுக்கிக்கொண்டே பேசுகிறார்கள். ஞாபகம் என்றால் அப்படி ஒரு ஞாபகம். ராஜலீலாவில் பார்த்த படங்களில் எது பிடிக்கும் என்று கேட்டேன். அந்த அண்ணன் தங்கச்சி படம் என்றார்கள். என்னைப் பார்க்க வந்திருந்த எட்டுப் பேரும் அதையேதான் சொன்னார்கள்.

"கடைசியில அண்ணன் சிங்கப்பூர் போயிடுறான்ல, அப்ப எனக்கு நெஞ்சே அடைச்சுப்போச்சு" என்றார் பெருமாயி அம்மா.

நான் அந்தப் படத்தை டிவியில் பார்த்திருக்கிறேன். "அம்மா, அவன் லாரியில அடிபட்டுச் செத்துருவான்ல?" என்றேன்.

அடுப்படியிலிருந்து ஒரு பாத்திரம் டங்கென்று விழுந்தது. மருமகள் ஆனந்தி ஓடி வந்தார். "நல்லாச் சொல்லுங்க மேடம்! நான் செண்பகனூர்ல பொறந்தவ. சாயங்கால ஆட்டத்துல என் ரெண்டு கண்ணால பாத்தேன், செத்துட்டான். கல்யாணமாகி வந்து இருவத்திரெண்டு வருசமாச் சொல்றேன். இந்த ஊர்ல ஒருத்தர் நம்பலை!"

"நீ பாத்த லட்சணம். அவன் சாகவே இல்ல."

"கடைசியில போட்டோவுக்கு மாலை போட்டிருக்கே, அத்தே?"

"வெளிநாடு போயி பெரிய ஆளாயிட்டான். மாலை போடாம என்ன செய்வாக?"

ராஜமுருகன் என்று ஒருவர், நாற்பத்தைந்து வயது, பூண்டு விவசாயி. சின்னப் பையனாக அந்தப் படம் பார்த்தவர். அண்ணன் சிங்கப்பூரில் லாரி கம்பெனி வைத்திருக்கிறான் என்று அடித்துச் சொல்கிறார்.

மாமா, எட்டுப் பேருக்கு ஒரே மாதிரி ஞாபகப் பிசகு வராது. இன்னும் நாலு படம் கேட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நடுவே ஒரு துண்டு இவர்களுக்குத் தெரியவில்லை. எல்லாமே ஞாயிற்றுக்கிழமை மேட்னி.

ஞாயிறு மேட்னியில் என்ன செய்தீர்கள்?

தாரணி


செண்பகனூர்,
3 ஜூலை 2025

தாரணி,

1983, ஐப்பசி மாதம். ஒரு ஞாயிறு கரண்ட் போய் மேட்னி இருபது நிமிடம் தாமதமாக முடிந்தது. பள்ளங்கிக்குக் கடைசி பஸ் ஐந்தேகாலுக்கு. போய்விட்டது. நாற்பது பேர் மழையில் மூட்டையோடு நடந்தார்கள். வழியில் காட்டெருமை குறுக்கே வந்திருக்கிறது. ஓடியதில் பெருமாயி அக்கா ஓடைக்குள் விழுந்து கையை முறித்துக்கொண்டது. கைக்குழந்தையை வீட்டில் விட்டு வந்த மனுஷி.

அடுத்த ஞாயிறு கட்டோடு வந்து அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. நான் கேபின் ஓட்டை வழியாகப் பார்த்தேன். மணியைப் பார்த்தேன். அன்றைக்கு ஒரு ரீலை மாட்டவில்லை.

அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் அப்படித்தான். சனிக்கிழமையே படத்தை ஓட்டிப் பார்த்து, எதை விட்டால் கதை உடையாது என்று முடிவு செய்துகொள்வேன். பெரும்பாலும் பாட்டு. 1991-இல் போட்ட அந்த அண்ணன் தங்கச்சி படத்தில் பாட்டை எடுத்தால் போதவில்லை. அண்ணன் சாகும் ரீலை எடுத்தேன், முந்தின ரீலில் அவன் சிங்கப்பூர் போகிறேன் என்று சொன்னதோடு நின்றது. அதைப் பார்த்தால் அழுதுகொண்டு ஒருத்தரும் எழுந்திருக்கமாட்டார்கள், பஸ் போய்விடும் என்று தோன்றியது.

முதலாளியிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. படத்தை முழுசாகக் காட்டுவதுதான் ஆப்பரேட்டரின் வேலை. அது ஒன்றுதான் வேலை. இருபத்தாறு வருடம் முழு டிக்கெட் வாங்கிய ஜனங்களுக்குக் குறைப் படம் காட்டியிருக்கிறேன்.

இதை மனுவில் எழுதாதே. பெயர் போனால் போகட்டும். ஏமாற்றுக்காரன் என்று அவர்கள் வாயால் கேட்க என்னால் ஆகாது.

முருகானந்தம்


மதுரை,
8 ஜூலை 2025

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒரு இடத்தில்கூட நீங்கள் அடித்துத் திருத்தவில்லை.

நான் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். இதைத் தவிர வேறொன்றும் எழுதமாட்டேன். மனு இரண்டே பக்கம். நேற்று பதிவுத் தபாலில் நகராட்சிக்குப் போய்விட்டது. கையெழுத்து என்னுடையது, கல்லூரிப் பெயரும் போட்டிருக்கிறேன். மனுவில் என்ன எழுதியிருக்கிறேன் என்று பள்ளங்கிக்காரர்களிடம் சொல்லவில்லை. கூட்டத்துக்கு வாருங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். உங்களைப் பற்றிய தீர்ப்பை அவர்களே சொல்லட்டும். நானும் சொல்லக் கூடாது, நீங்களும் சொல்லக் கூடாது.

17-ஆம் தேதி எனக்குக் கல்லூரியில் மாணவர் சேர்க்கை. விடுப்புக் கிடைக்காது. கிடைத்தாலும் வரமாட்டேன். நீங்கள்தான் போக வேண்டும். இந்த முறை முன் வரிசையில் உட்காருங்கள்.

தாரணி


செண்பகனூர்,
18 ஜூலை 2025

வெற்றித் திருமகளும், வாள் இல்லாமல் கொடைக்கானலைக் கைப்பற்றியவளுமான மருமகள் தாரணிக்கு,

நேற்றிலிருந்து நீ ஒன்பது முறை அழைத்திருக்கிறாய். "ஜெயித்தாச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நான் வைத்துவிட்டேன். பழிக்குப் பழி. அதோடு, போனில் சொன்னால் ரெண்டு நிமிடத்தில் தீர்ந்துபோகும். இதை அப்படித் தீர்க்க எனக்கு மனமில்லை.

முன் வரிசையில் உட்கார்ந்தேன். தனசேகர் விளக்கை அணைத்து, சுவரில் ரிசார்ட் படம் காட்டினான். நீச்சல் குளம், புல்வெளி. நிழற்குடை நல்ல அழகுதான், பொய் சொல்லமாட்டேன். அப்போது வாசலில் கலவரம். பள்ளங்கி வந்து இறங்கியது. பத்தாயிரம் பேர், யானை, குதிரை, தீவட்டி. போகட்டும், அறுபத்து மூன்று பேர். உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்றார்கள்.

ஆணையர் உன் மனுவை வரிவரியாகச் சத்தமாக வாசித்தார். ஓடை வந்தது, காட்டெருமை வந்தது, ஐந்தேகால் பஸ் வந்தது. பிறகு அந்த ரீல் வந்தது. நான் தரையைப் பார்த்தேன். அந்த மண்டபத்தில் மொத்தம் எத்தனை ஓடு என்று இப்போது கேட்டாலும் சொல்வேன்.

பெருமாயி அக்கா எழுந்தது.

"ஏப்பா முருகானந்தம். அப்ப அந்த அண்ணன் செத்துட்டானா?"

"செத்துட்டான்க்கா."

"எப்பிடி?"

"லாரி மோதி. தங்கச்சிக்குச் சேலை வாங்கிட்டு வர்றப்ப."

"சேலை?"

"கையிலயே இருந்துச்சுக்கா."

அக்கா அப்படியே உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது. முப்பத்து நாலு வருடம் கழித்து அந்த அண்ணனுக்கு அன்றைக்குத்தான் பள்ளங்கியில் இழவு விழுந்தது தாரணி. ஒருத்தர் மூக்கைச் சிந்த, அடுத்தவர் சிந்த, சுவரில் நீச்சல் குளம் ஜொலிக்க, அதன் முன்னால் ஊரே அழுகிறது. ராஜமுருகன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டான். ஆனந்தி ஒருத்திதான் சிரித்தாள். "இருவத்திரெண்டு வருசம்! இருவத்திரெண்டு வருசமா இந்தத் தொண்டை கத்துச்சு!" என்று எல்லாரிடமும் கையை நீட்டிக் காட்டினாள்.

நான் எழுந்து, "தப்புத்தான். எல்லாரும் மன்னிக்கணும்" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். அக்காவுக்குக் கேட்டுவிட்டது.

"என்னத்த மன்னிக்க? ஏலே, சும்மா உக்காரு" என்று அதட்டியது. பிறகு ஆணையரைப் பார்த்துப் பேசியது. அந்தப் பேச்சில் நான் ஒரு எழுத்தும் கூட்டவில்லை, ஞானவேல் பக்கத்தில்தான் இருந்தான்.

"ஐயா, நாங்க வெள்ளனே எந்திரிச்சு, காட்டுச் சோலி முடிச்சு, மூட்டை தூக்கியாந்து வித்துட்டு, அந்தக் கொட்டாயில மூணு மணி நேரம் உக்காருவோம். வாரத்துல எங்களுக்குன்னு கெடக்குறது அந்த மூணு மணி நேரந்தான். என் வீட்டுக்காரர் சொல்லுவாரு, 'படம் பாக்கப் போனா பஸ்ஸ விட்டுருவ, போகாத'ன்னு. எல்லா வீட்லயும் அதே பேச்சுத்தான். ஒரே ஒரு ஞாயிறு மறுபடி பஸ்ஸ விட்டிருந்தோம்னா, எங்க ஊருப் பொம்பளைகள ஒருத்தன் அனுப்பியிருக்க மாட்டான். கை முறிஞ்சதுக்கு அப்புறம் ஒரு நா விடல. எப்பிடிடா படம் கரெக்டா முடியுதுன்னு அதிசயப்படுவோம். சாமிதான் நேரம் பாத்து முடிக்குதுன்னு நெனச்சோம். இவன்தான்னு இன்னிக்குத் தெரியுது. அந்த எடத்துக்கு என்ன பேரு வைக்கணும்னு இன்னும் எங்களக் கேக்கணுமாய்யா?"

யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்றார் ஆணையர். தனசேகர் பாதி எழுந்தான். அறுபத்து மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "இல்ல சார், லைட்டப் போடலாம்னு எந்திரிச்சேன்" என்று போய் லைட்டைப் போட்டான். நல்ல பையன். உறுப்பினர்கள் எல்லாரும் கை தூக்கினார்கள். நான் உறுப்பினர் இல்லை, நானும் தூக்கினேன். இரண்டு கையும்.

வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். விட்ட ரீல் ஒவ்வொன்றும் என்ன கதை என்று இப்போதே சொல்லியாக வேண்டுமாம். இருபத்தாறு வருட ஞாயிறு! நின்ற இடத்திலேயே மூன்று படத்துக்குச் சொன்னேன். கொஞ்சம் சேர்த்துத்தான் சொன்னேன். ஒரு பாட்டில் கதாநாயகி நயாகராவில் தலைகீழாக ஆடினாள் என்றேன். ஆனந்தி முறைத்தாள். ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை.

*

10 ஆகஸ்ட், ஞாயிறு

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் மூன்று வாரமாகச் சட்டைப்பையில் வைத்துச் சுற்றினேன். தீர்மானம் என்பது காகிதம். நான் கண்ணால் பார்க்க வேண்டும் என்று காத்திருந்தேன்.

வியாழக்கிழமை பலகை மாட்டினார்கள். நீல நிறம், வெள்ளை எழுத்து. இன்றைக்குக் காலையில் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, நிழற்குடைக்குள் போய் நின்றேன். டவுன் பஸ் வந்தது. ஏறினேன். கண்டக்டர் நதியா, புதுசாக வந்திருக்கும் பெண்.

"எங்கய்யா போகணும்?"

"அடுத்த ஸ்டாப்பு."

"இந்தா இருக்கு, நடந்தே போயிரலாமேய்யா?"

"டிக்கெட்டக் குடும்மா."

மிஷின் கடகடவென்று துப்பியது. ஏறிய இடம் என்பதற்கு நேராக அச்சில் இருந்தது: ராஜலீலா டாக்கீஸ். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, திரும்பி நடந்து வந்து, அதே பஸ் ஒரு சுற்று முடித்து வரும்வரை நின்று மறுபடி ஏறினேன். ஒரு டிக்கெட் உனக்கு இத்துடன் இருக்கிறது. மற்றவற்றைக் கேட்காதே, தரமாட்டேன்.

மூன்றாவது தடவை நான் நிழற்குடையில் நின்றபோது அந்தப் பெண் ஒன்றும் கேட்கவில்லை. நான் ஏறினதும் படியில் தொங்கியபடி வெளியே எட்டிப் பார்த்து, விசிலுக்கு முன்னால் தெருவே கேட்கும்படி கத்தினாள்.

"ராஜலீலா டாக்கீஸ் எல்லாம் ஏறியாச்சா?"

ஏறியாச்சு என்று நான்தான் பதில் சொன்னேன். மொத்த பஸ்ஸும் திரும்பி என் முகத்தைப் பார்த்தது.

முருகானந்தம்,
ஆப்பரேட்டர்